புனோவிலிருந்து லா பாஸ்: கசானியா, தேசாகுவாதேரோவா?

பெருவின் புனோவிலிருந்து நண்பர்களோடு பொலிவியாவுக்குத் தரைவழியாகப் போகிறவர்களுக்கு என் ஓட்டு கசானி எல்லைக்குத்தான். தேசாகுவாதேரோ வழி நேரானது, லா பாஸுக்குச் சீக்கிரம் போய்ச் சேரலாம், பாலத்தைத் தாண்டினால் பொலிவியா. ஆனால் சந்தை நாளில் மூட்டை முடிச்சோடு வரும் கூட்டத்தில் நாலு பேர் பிரியாமல் நடப்பதே பெரும்பாடு.

கசானியில் பெரு பக்கம் முத்திரை குத்திக்கொண்டு, பையை முதுகில் மாட்டி, மேட்டில் ஏறிப்போய்ப் பொலிவியா முத்திரை வாங்க வேண்டும். திதிகாகா ஏரியே 3,800 மீட்டர் உயரத்தில் என்பதால் மூச்சு வாங்கும், மெதுவாக நடங்கள். அங்கிருந்து 8 கிலோமீட்டரில் கோபகபானா என்ற ஏரிக்கரை ஊர், ஓர் இரவு தங்கிப் படகில் சூரியத் தீவுக்குப் போய் வரலாம். அப்புறம் லா பாஸ் போகும் வழியில், ஏரி குறுகும் திகினா நீரிணையில் எல்லோரையும் இறக்கிச் சின்னப் படகில் ஏற்றுவார்கள், பேருந்து தனியாகத் தெப்பத்தில் ஆடி ஆடி வரும். எந்த வழியானாலும் பொலிவியா நேரம் பெரு நேரத்தைவிட ஒரு மணி கூடுதல், அதைக் கணக்கிட்டுக் கிளம்புங்கள்.