ஏ9 ஓரத்துச் சைவக்கடை: வடை 70 ரூபா, உபதேசம் சும்மா

கடையின்ர பெயரையும் அது இருக்கிற ஊரையும் நான் சொல்லப்போறதில்லை. ஏ9 வீதியில, மாங்குளத்துக்குத் தெற்கால எண்டு மட்டும் வைச்சுக்கொள்ளுங்கோ. பெயரைச் சொன்னா கடைக்கார ஐயா என்னை வாசலுக்கு இஞ்சால விடமாட்டார். அந்த வடையை இழக்க எனக்கு மனமில்லை.

நான் முல்லைத்தீவில இருந்து மீன் ஏத்துறனான். ஒரு சின்ன பட்டா லொறி, எட்டு ரெஜிபோம் பெட்டி, ஐஸ், மேல படங்கு. கிழமைக்கு நாலு நாள் முள்ளியவளை, ஒட்டுசுட்டான், மாங்குளம் எண்டு வந்து, ஏ9 இல ஏறி, வவுனியாவில கொண்டுபோய் இறக்குவன். திரும்பி வரேக்க எட்டு மணியாகும். இரவிரவா மீன் பெட்டியோட நிண்டவனுக்கு அந்த நேரம் மச்சத்தை நினைக்கவே ஏலாது. சோறும் மீன்குழம்பும் எண்டா வயித்தைப் பிரட்டும். அப்பிடித்தான் நாலு வருசத்துக்கு முந்தி இந்தக் கடையில முதல்முதல் நிப்பாட்டினனான்.

முதல்ல வடை. உழுந்தை மெசினில போடுறதில்லை, ஐயாவின்ர மனுசி ஆட்டுக்கல்லில அரைக்கிறா. மிளகை முழுசாப் போடாமல் உடைச்சுப் போடுவா. கறிவேப்பிலை, கொஞ்சம் இஞ்சி, அவ்வளவுதான். வெளியால மொறுமொறுப்பு, உள்ளுக்குப் பஞ்சு. வேற கடையில ரெண்டு வடை திண்டா மத்தியானம் வரைக்கும் எனக்கு நெஞ்செரியும். இங்க நாலு திண்டும் ஒண்டும் செய்யேல்லை. ஏனெண்டு குசினிக்குள்ள எட்டிப் பார்த்த அண்டைக்குத்தான் விளங்கினது. நேற்றைய எண்ணெய் இண்டைக்கு அடுப்பில ஏறாது. முதல் பொரிச்ச வடை பிள்ளையாருக்கு. அடுப்புக்கு மேல ஒரு தட்டில படம் இருக்கு. அதுக்கு முன்னால வாழையிலைத் துண்டில வடையை வைச்சு, கற்பூரம் காட்டி, பிறகுதான் எங்கட பக்கம் திரும்புவா. சாமிக்கு வைக்கிற வடையைப் பழைய எண்ணெயில பொரிக்கேலுமோ?

தோசையும் திறம், ஆனா சாம்பார் சில நாள் தண்ணி. மத்தியானச் சோறு 450 ரூபா. மொட்டைக்கறுப்பன் அரிசி, பயித்தங்காய்ப் பால்கறி, கத்தரிக்காய்க் குழம்பு, வல்லாரைச் சம்பல், பருப்பு, மோர்மிளகாய். வெள்ளிக்கிழமையில தாமரையிலையில போடுவினம், குளத்தில இருந்து காலமைதான் பிடுங்கி வாறது. சூடான சோறு அந்த இலையில விழ வாற வாசத்துக்கே ஐம்பது ரூபா கூடக் குடுக்கலாம். ஒண்டரைக்குப் பிறகு போனா பருப்பும் அப்பளமும்தான் மிஞ்சும். கக்கூஸ் சுத்தம், ஏ9 இல இதுவே ஒரு பெரிய விசயம். லொறி நிப்பாட்ட நல்ல இடம் கிடக்கு. காட் எடுக்கமாட்டினம், காசு மட்டும்தான்.

இனி ஐயா.

அறுபத்தைஞ்சு வயசிருக்கும். நெத்தி நிறையத் திருநீறு, நடுவில சந்தனம், வேட்டி எப்பவும் வெள்ளை. காசுமேசைக்குப் பின்னால இருந்து ஒரு வடிவான சிரிப்போட ஒவ்வொரு புது ஆளையும் கேட்பார்: “நீங்கள் சைவமோ?” ஓம் எண்டா, “எப்ப தொடக்கம்?” செவ்வாய் வெள்ளி மட்டும் எண்டா, “அது அரைச் சைவம். அரைக்கிணறு தாண்டினவன் எங்க விழுவான்?” எண்டு சொல்லி மிச்சக் காசைத் தருவார். சாப்பிட வந்தவன் சிரிச்சுக்கொண்டு வாங்குவான். நானும் அப்பிடித்தான் சிரிச்சனான்.

மூண்டாம் தரமோ நாலாம் தரமோ போகேக்க, “தம்பி என்ன தொழில்?” எண்டார். சொன்னன். அண்டைக்குக் கிளாஸில ரீ வந்தது. அடுத்த தரம் பேப்பர் கப்பில வந்தது. சுத்திவரப் பார்த்தன், எல்லாருக்கும் கண்ணாடிக் கிளாஸ். எனக்கு மட்டும் கப். பில்லில பத்து ரூபா கூட. கேட்டதுக்கு, “கப் காசு தம்பி. குறை நினைக்காதேயும். வெடுக்கு மணம் கிளாஸில பிடிச்சா, விரதகாரர் குடிக்கிறது பாரும்” எண்டார். குரலில கோபம் ஒண்டுமில்லை. சரியான அன்பாத்தான் சொன்னவர், அதுதான் எனக்குக் கூடக் குத்தினது.

என்ர அப்பா சொல்லுவார், அவற்ர இளவட்டக் காலத்தில யாழ்ப்பாணப் பக்கத் தேத்தண்ணிக் கடையளில சில ஆக்களுக்குப் போத்திலிலயும் சிரட்டையிலயும்தான் தேத்தண்ணி குடுக்கிறதெண்டு. 1957 இல அதுக்கெதிராச் சட்டம் வந்தது. சட்டம் வந்தும் சனம் போராடித்தான் கடைக்குள்ள போக வேண்டியிருந்தது. மாவிட்டபுரம் கோயில் வாசல்ல 1968 இலயும் அடிபாடு. ஐயாவிட்ட இதைக் கேட்டா, “நான் சாதி பார்க்கிறதில்லை, ஆசாரம்தான் பார்க்கிறன்” எண்டுதான் சொல்லுவார். பொய்யுமில்லை. அந்த ஊரில எல்லாச் சாதிச் சனமும் அவர் கடையில கிளாஸில குடிக்குது. கப் எனக்கும், இறைச்சிக்கடைப் பொடியனுக்கும்தான்.

எப்பவாவது கிளிநொச்சிக்கு மீன் கொண்டுபோற நாளில முறிகண்டியில நிப்பாட்டுவன். அந்தப் பிள்ளையாருக்கு முன்னால நிப்பாட்டாமல் ஆர் போறது? கொழும்பு பஸ்ஸும் நிக்கும், ஆமி வாகனமும் நிக்கும். தேங்காயை உடைச்சு, திருநீறு பூசி, பக்கத்தில ஒரு சுருள் கச்சானை வாங்கிக்கொண்டு ஏறவேண்டியதுதான். பெட்டிக்குள்ள என்ன கிடக்கெண்டு அங்க ஆரும் கேட்டதில்லை. ஆனா அங்க இந்த வடை இல்லை.

ஐயாவைக் கள்ளச் சாமி எண்டு எழுதினா வாசிக்கிறவைக்குப் புழுகமாயிருக்கும். அவர் அப்பிடியில்லை. ஒருநாள் மீன் வித்த காசு, 38,000 ரூபா, பையோட மேசையில விட்டிட்டு வந்திட்டன். ஒட்டுசுட்டானில வந்துதான் பார்க்கிறன். திரும்பி ஓடினா, பேப்பரில சுத்தி, நூல் கட்டி, சாமித்தட்டுக்குக் கீழ வைச்சிருக்கிறார். ஒரு சதம் குறையேல்லை. “மச்சக் காசெண்டாலும் தொடக்கூடாது தம்பி” எண்டார். எனக்கு நன்றி சொல்லுறதோ கோவிக்கிறதோ எண்டு தெரியேல்லை. எண்ணெயை ஊத்திப்போட்டுப் புது எண்ணெய் வைக்கிறதும் அந்தப் பிடிவாதம்தான், காசை எண்ணாமல் நூல் கட்டி வைக்கிறதும் அதுதான், எனக்குக் கப் தாறதும் அதுதான். இதில ஒண்டை மட்டும் ஓடர் பண்ணேலாது.

ஒவ்வொரு நாளும் மத்தியானம் ஒரு கிழவர் வருவார். 2009 இல ஆருமில்லாமல் போனவர் எண்டு கடைப் பொடியன் சொன்னான். அவருக்கு ஐயா காசில்லாமல் சோறு குடுக்கிறார், எங்களுக்குப் போடுற அதே சோறு, அதே கறி. ஒரு நிபந்தனை, சாப்பிட முதல் ஒரு தேவாரம் பாடவேணும். கிழவருக்கு ரெண்டு வரிதான் வரும், பிறகு முழிப்பார். மிச்சத்தை ஐயா பாடி முடிப்பார். நல்ல குரல். முடிச்சிட்டு எங்கள் பக்கம் திரும்பி, “நாளுக்கொரு உயிருக்கு அன்னம். பழக்கிப்போட்டன்” எண்டுவார். கிழவர் தலையைக் குனிஞ்சு சோத்தைப் பிசைவார்.

ஐயாவும் முள்ளிவாய்க்கால் மட்டும் போய் வந்தவர்தான். தன்ர பங்கருக்குப் பக்கத்தில விழுந்த செல் வெடிக்கேல்லையாம். “இருபது வருசம் கந்தசஷ்டி விட்டதில்லை. ஆறு நாளும் தண்ணியும் பாலும்தான். முருகன் கைவிடுவானோ?” அதைச் சொல்லேக்க பக்கத்து மேசையில ஒரு அம்மா தோசையைப் பிச்ச கையை அப்பிடியே வைச்சிட்டா. அவ ஆரை விட்டிட்டு வந்தவவோ எனக்குத் தெரியாது. வன்னியில அந்த வயசு மனுசி ஒருத்தி ஆரையும் விடாமல் வந்திருப்பா எண்டு எனக்குத் தோன்றேல்லை. அங்க கும்பிடாத ஆக்கள் ஆர்? அந்த மண்ணில எல்லாரும்தான் கும்பிட்டவை.

எனக்கு விழுந்தது வேற நாள். மார்கழி மாசம், சுனாமிக் கதை வந்தது. “கடலில அவ்வளவு உயிரை அள்ளினா, கடல் ஒருநாள் கணக்குக் கேட்கும்தானே” எண்டு, பேப்பரைப் புரட்டிக்கொண்டே சொன்னார். என்னைப் பார்த்துச் சொல்லேல்லை, சும்மா பொதுவாத்தான். 2004 மார்கழி 26, ஞாயிற்றுக்கிழமை, என்ர அக்காவும் அவவின்ர ரெண்டாவது பிள்ளையும் போனவை. திருவெம்பாவைக் காலம். விடியக் கோயிலுக்குப் போட்டு வந்து, சைவச் சமையலுக்கு உலை வைச்சுக்கொண்டிருந்தவ. நான் ஒண்டும் கதைக்கேல்லை. காசை வைச்சன், பட்டாவை எடுத்தன். ரெண்டு மாசம் அந்தப் பக்கம் நிப்பாட்டேல்லை. பிறகு வடைக்காகத்தான் திரும்பிப் போனன். வெக்கமாத்தான் கிடக்கு, ஆனா உண்மை அதுதான்.

கடைச் சுவரில அறுபத்துமூவர் படம் ஒண்டு மாட்டியிருக்கு, பெரிய கண்ணாடிச் சட்டம். ஒருநாள் சனம் குறைவு. “ஐயா, இதில அதிபத்தர் எது?” எண்டு கேட்டன். எழும்பி வந்து, தேடாமலே விரலை வைச்சார். நாகபட்டினத்துப் பரதவர் தலைவர், பிடிக்கிற மீனில முதல் மீன் சிவனுக்கெண்டு கடலில விடுறவர். நாளுக்கொரு மீன்தான் படுகுது எண்ட நிலை வந்து, பட்டினி கிடந்தும் அந்த ஒண்டையும் விட்டவர். கடைசியாப் பொன்மீன் படுகுது. அதையும் விட்டார். ஐயா இதைச் சொல்லேக்க கண் கலங்கிட்டுது. நடிப்பில்லை. எனக்கும் மயிர்க்கூச்செறிஞ்சது. விடாமல் கேட்டன்: “அப்ப அவரும் மீன்காரர்தானே ஐயா?”

ஐயா கண்ணைத் துடைச்சார். “அவர் மீனைக் கடலில விட்டவர், தம்பி. நீர் வவுனியாவுக்கெல்லோ கொண்டுபோறீர்.”

கடையே சிரிச்சது. நானும் சிரிச்சன். முதல் மீனைத்தானே விட்டவர், மிச்ச மீனை என்ன செய்தவராம் எண்டு கேட்டிருக்கலாம். அது எனக்கு ஒட்டுசுட்டான் தாண்டேக்கதான் வந்தது.

இவ்வளவும் எழுதிப்போட்டு என்ர கதையை ஒளிக்கேலாது. வைகாசியில வற்றாப்பளை அம்மன் பொங்கல். பொங்கலுக்குத் தொடக்கமாப் பாக்குத் தெண்டின நாளிலயிருந்து எங்கட வீட்டில மச்சச் சட்டி மேல ஏறிடும். ஏத்துற தொழிலை நான் நிப்பாட்டேலாது, ஆனா வாயில வைக்கமாட்டன். சிலாவத்தையில தீர்த்தம் எடுத்து, முள்ளியவளை காட்டா விநாயகரிட்ட அந்த உப்புத்தண்ணியில விளக்கெரியிற கிழமையில எனக்கு உடம்பே வேற மாதிரி இருக்கும். அந்தக் கிழமையில நானும் கொஞ்சம் ஐயாதான். போன வருசத்துக்கு முந்தின வருசம் தம்பியின்ர மனுசி, சண்டைக்குப் பிறகு கிறிஸ்தவ சபைக்குப் போறவ, கோழிக்கறிச் சட்டியோட படலைக்குள்ள வந்தா. அவவுக்கு நாள் தெரியேல்லை. “உதோட உள்ளுக்க வராதேங்கோ” எண்டு முத்தத்தில வைச்சே சொல்லிப்போட்டன். அயல் பார்த்துக்கொண்டு நிண்டது. சட்டியோட திரும்பிப் போனவ, அதுக்குப் பிறகு வீட்டுப்பக்கம் இல்லை.

போன மாசம் ஐயாவின்ர கடையில பத்து வடை கட்டுவிச்சன், 700 ரூபா. நேர தம்பி வீட்டுக்குப் போனன். அவ வாசலுக்கு வந்தா, முகம் ஓரளவு சரியாத்தான் இருந்தது. பார்சலை வாங்கினா, மணந்து பார்த்தா, பிறகு ஆறுதலாக் கேட்டா: “அத்தான், இது படைச்சதோ?”

பொய் சொல்லியிருக்கலாம். முதல் வடை பிள்ளையாருக்கு எண்டு எனக்குத் தெரியும். “ஓம்” எண்டன்.

“நாங்கள் படைச்சது சாப்பிடுறதில்லை. குறை நினைக்காதேங்கோ” எண்டு, ரெண்டு கையாலயும் மரியாதையாப் பார்சலைத் திருப்பித் தந்தா. ஐயாவின்ர அதே அன்பான குரல். தம்பி உள்ளுக்க ரீவியைப் பார்த்துக்கொண்டு இருமினான்.

பட்டாவைத் திருப்பேக்க அவையின்ர சின்னவன் கோடிப்பக்கத்தால ஓடிவந்து கண்ணாடியைத் தட்டினான். மூண்டு வடை எடுத்தான். அம்மாவுக்குச் சொல்லவேண்டாமாம்.

இப்ப நான் சொந்தமா ஒரு எவர்சில்வர் பேணி கொண்டுபோறன். ஐயா உயரத்தில இருந்து ஊத்துவார், கப் காசு பத்து ரூபா இல்லை. வெள்ளிக்கிழமையில வடை ஒன்பது மணியோட முடிஞ்சிடும், போறதெண்டா முந்திப் போங்கோ. கேட்டா சைவம் எண்டு சொல்லுங்கோ. எப்ப தொடக்கம் எண்டதுக்கும் ஒரு மறுமொழி யோசிச்சு வையுங்கோ.