கரிசல் மண்ணில் குண்டுமல்லி: குழியா, மேடா? பல வருட அனுபவம்

எங்கள் வீடு திருமங்கலம் பக்கம். சுத்தமான கரிசல். மழை பெய்தால் செருப்போடு பாளமாக ஒட்டிக்கொண்டு வரும். சித்திரை வந்தால் விரல் நுழையும் அளவுக்கு வெடிக்கும். பருத்திக்கு அருமையான மண். குண்டுமல்லிக்கு ஒத்துவராத மண். 2013இல் புவிசார் குறியீடு வாங்கிய மதுரை மல்லி செழிப்பது தண்ணீர் தேங்காத செம்மண்ணில்தான். ஒரு முறை நட்டால் பத்து வருடத்துக்கும் மேல் பூக்கக்கூடிய செடி இது. வேருக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதை நட்ட பிறகு மாற்றுவது பெரும்பாடு.

அதனால் இரண்டு விதமாக வைத்துப் பார்த்தோம். ராமேஸ்வரம் பக்கத்துத் தங்கச்சிமடத்துப் பதியன்கள் (கிளையை மண்ணில் பதித்து வேர்விட வைத்த கன்றுகள்), ஒரே சமயத்தில் வாங்கியவை. மண் கலவையும் ஒன்றுதான்: செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, நன்கு மட்கிய தொழு உரம் ஒரு பங்கு, செடிக்கு இரண்டு கை வேப்பம் பிண்ணாக்கு. பாதிச் செடிகளுக்கு வழக்கமான குழி, மூன்று பக்கமும் 30 செ.மீ. மீதிக்குக் குழி தோண்டவில்லை. தரையை மண்வெட்டியால் கொத்திவிட்டு, அதே கலவையை ஒன்றரை அடி உயரத்துக்கு மேடாக்கி, சுற்றிலும் செங்கல் அடுக்கினோம்.

முதல் வருடம் குழிச் செடிதான் நன்றாக வந்தது, உள்ளதைச் சொல்ல வேண்டும். சுற்றியிருந்த கரிசல் ஈரத்தைப் பிடித்து வைத்ததால் வெயிலில் வாடவே இல்லை. வித்தியாசம் தெரிந்தது அடுத்த ஐப்பசி மழையில். குழிச் செடிகளின் அடி இலைகள் மஞ்சளாகி உதிர்ந்தன. மழை விட்டு நாலு நாள் கழித்து ஓரத்தில் தோண்டினால் உள்ளே தண்ணீர் அப்படியே நிற்கிறது, வேர் பழுப்பாகி ஒரு வாடை. காரணம் எளிது. பொலபொலப்பான கலவைக்குள் மழைநீர் சட்டென்று இறங்கிவிடும். சுற்றியுள்ள களி அதை வெளியே விடாது. நல்ல மண்ணைப் போட்டு நிரப்பிய குழி, செடிக்குக் கட்டிக்கொடுத்த தொட்டி ஆகிவிடுகிறது. உசிலம்பட்டிப் பக்கத்துப் பூ விவசாயி ஒருவர் பார்த்துவிட்டுச் சொன்னார்: “மல்லிக்குக் கால்ல தண்ணி நிக்கக் கூடாது தம்பி. மேட்டுல ஏத்து.” பிழைத்ததை எல்லாம் மேட்டுக்கு மாற்றினோம். மேட்டுச் செடிகளுக்கு அந்த மழையில் ஒன்றும் ஆகவில்லை.

மேட்டிலும் குறை உண்டு. அக்னி நட்சத்திரத்தில் தினமும் தண்ணீர் கேட்கும். காய்ந்த இலை, கரும்புச் சோகை என்று எது கிடைத்தாலும் மூடாக்காகப் போட்டுவிடுகிறோம். தொழு உரம் மட்க மட்க மேடு வருடா வருடம் தணிகிறது. கரிசல் பூமிக்காரர்களுக்கு இந்த இரண்டு தொந்தரவையும் தாங்கிக்கொண்டு மேடே போடுங்கள் என்றுதான் சொல்வேன். செம்மண் பூமிக்காரர்களுக்குக் குழியே போதும். சந்தேகமாக இருந்தால் ஓர் அடி ஆழக் குழியில் தண்ணீர் நிரப்பிப் பாருங்கள். மறுநாளும் நின்றால் அங்கே குழி வேண்டாம்.

கலவையில் போடும் பொருட்களைப் பற்றிக் கொஞ்சம். செம்மண் என்று வண்டியில் வந்து இறங்குவதெல்லாம் மல்லிக்கான செம்மண் இல்லை. ஒரு கைப்பிடி எடுத்து வினிகர் விட்டுப் பாருங்கள். நன்றாக நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு மிகுதி. சுக்கான் கல் கலந்த மண்ணும் வேண்டாம், கட்டட இடிபாடு கலந்த மண்ணும் வேண்டாம். மணலுக்கு எம்-சாண்ட் வாங்கினால் அலசித்தான் போட வேண்டும். அந்த மாவுத் தூள் மண்ணை இறுக்கிவிடும். கோகோபீட்டை, அதாவது தென்னை நார்த் தூளை, தொட்டிகளில் மட்டும் போட்டுப் பார்த்தேன். உப்புப் போக அலசிப் போட்டால் முதல் வருடம் பிரமாதம், பிறகு கூழாகிச் சுருங்கி விடுகிறது. நீண்ட காலச் செடிக்கு அதைப் பாதிக்கு மேல் நம்ப முடியாது. சாணம் மட்காமல் போனால் வேர்ப்புழுவும் கரையானும் கூடவே வரும்.

மூன்றாம் வருடம் வேறு ஒரு மஞ்சள் வந்தது. இந்தத் தடவை கொழுந்து இலைகளில். நரம்பு மட்டும் பச்சை, நடுவெல்லாம் வெளிறல். இது இரும்புச் சத்துக் குறைவு. மண்ணில் இரும்பு இல்லாததால் வருவதில்லை, காரத்தன்மை ஏறினால் வேரால் அதை எடுக்க முடியாது. எங்கள் போர்த் தண்ணீர் கடினமானது, தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படியும். வருடக்கணக்கில் அதையே ஊற்றினால் எந்தச் செம்மண்ணும் மாறத்தான் செய்யும். அன்னபேதியை (இரும்பு சல்பேட்) லிட்டருக்கு 5 கிராம் கரைத்து, மாதம் ஒரு முறை சாயங்காலத்தில் இலையில் தெளித்தோம். மண்ணில் கொட்டியதைவிட இதற்குத்தான் சீக்கிரம் பலன் தெரிந்தது. இப்போது மாடியில் பிடிக்கும் மழைத் தண்ணீர் முதலில் மல்லிக்குத்தான், மிச்சம்தான் மற்றவற்றுக்கு. அடி இலை மஞ்சளானால் வடிகாலையும் தழைச்சத்தையும் (நைட்ரஜன்) பாருங்கள், கொழுந்து மஞ்சளானால் தண்ணீரையும் சுண்ணாம்பையும் பாருங்கள். இது தெரியாமல் யூரியாவை அள்ளிப் போடுகிறவர்களைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை.

கார்த்திகையில், நவம்பர் கடைசி வாரம், தரையிலிருந்து 50 செ.மீ. விட்டுக் கவாத்து, அதாவது கிளைகளை வெட்டிவிடுவது. மேட்டுக்கு மண் சேர்ப்பதும் அப்போதுதான். செடிக்கு 10 கிலோ தொழு உரம். தணிந்த அளவுக்குச் செம்மண்ணும் மணலும். தழை, மணி (பாஸ்பரஸ்), சாம்பல் (பொட்டாஷ்) சத்துக்கு வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் அளவு செடிக்கு 60:120:120 கிராம், கவாத்துக்குப் பின் பாதி, ஜூன்-ஜூலையில் பாதி. அது வணிகத் தோட்டக் கணக்கு. வீட்டுக்கு நான் அதில் பாதிதான் போடுகிறேன். பங்குனி, சித்திரையில் வீட்டுச் சாமிக்கும் தலைக்கும் போகப் பக்கத்து வீட்டுக்கும் கொடுக்கும் அளவுக்குப் பூ வருகிறது.

மண் சேர்க்கும்போது அடித்தண்டைச் சுற்றி நாலு விரல் இடம் விட்டுவிடுங்கள். ஈர எரு தண்டில் ஒட்டிக் கிடந்தால் பட்டை அழுகும்.