வீட்டு மோட்டாரும் காரும்: மாமா வழியா, மகன் வழியா?

எங்கள் வீட்டுத் தண்ணீர் மோட்டாரில் காயில் எரிந்துவிட்டது. ஏற்கெனவே ரீவைண்டிங் செய்த, அதாவது காயில் கம்பியைப் புதிதாகச் சுற்றிய, மோட்டார்தான். மறுபடி கட்டுவது காசுக்குக் கேடு என்று மாமாவே, அதாவது என் மாமனாரே, சொல்லிவிட்டார். எதையும் லேசில் எடைக்குப் போட விடாதவர் அவர். அடுத்து எதை வாங்குவது என்பதில்தான் வீடு இரண்டானது. மோட்டாரும் பம்பும் ஒன்றாக இருக்கும் சாதாரண மோனோபிளாக் வாங்கி மொட்டைமாடித் தொட்டிக்கு ஏற்றினால் போதும் என்றார் மாமா. பிரஷர் பம்ப் போடலாம், குழாயைத் திறந்தால் தானே ஓடும், மூடினால் தானே நிற்கும் என்றான் மகன். நான் மாமா பக்கம் சாய்ந்தேன். காரில் மட்டும் மகன் பக்கம்.

பிரஷர் பம்பில் ஷவர் நன்றாக அடிக்கும். மோனோபிளாக் என்றால் கரண்ட் போனாலும் தொட்டித் தண்ணீர் வரும். இதெல்லாம் கடைக்காரரே சொல்லிவிடுவார். நான் பார்த்தது ஒன்றே ஒன்று: நாலைந்து வருடம் கழித்துப் பழுதானால், பழுதான பாகம் மட்டும் தனியாகக் கிடைக்குமா?

பழைய மோட்டார் முன்பு ஒருநாள் காலையில் உறுமிக்கொண்டே நின்றது, சுற்றவில்லை. மாமா மெயினை அணைத்துவிட்டுப் பின்பக்க மூடியைக் கழற்றி, விசிறியை விரலால் தள்ளிப் பார்த்தார். லேசாகச் சுற்றியது. “ஜாம் ஆகல அம்மிணி, கண்டன்சர் போயிருச்சு” என்றார். இறுகியிருந்தால் பேரிங்கையோ, தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லரையோ பார்க்க வேண்டும் என்பது அவர் கணக்கு. மோட்டார் சுற்ற ஆரம்பிக்க உதவுகிற அந்தக் கண்டன்சரைத் தொடும் முன்பு, பிளாஸ்டிக் பிடி போட்ட ஸ்குரூ டிரைவரால் இரண்டு முனைகளையும் சேர்த்துத் தொட்டு மிச்சக் கரண்ட்டை இறக்கினார். அதன் மேல் அச்சிட்டிருந்த எம்.எஃப்.டி. (மைக்ரோஃபாரட், கண்டன்சரின் அளவு) எண்ணையும் வோல்ட்டையும் ஒரு துண்டுச் சீட்டில் குறித்துக் கொடுத்தார். தெருமுக்குக் கடையில் அதே அளவு கிடைத்தது. மோட்டார் எந்தக் கம்பெனி என்று கடைக்காரர் கேட்கக்கூட இல்லை.

பேரிங்கும் அப்படித்தான். ஓரத்தில் 6203 என்று பொறித்திருந்தால் உள்துளை 17 மில்லிமீட்டர், வெளிவட்டம் 40, அகலம் 12. யார் செய்தாலும் அதே அளவுதான். வாட்டர் சீல், ஃபுட் வால்வு எல்லாமே அளவு சொன்னால் எடுத்துக் கொடுக்கும் சரக்கு. 1937-இல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து மின்மோட்டார் செய்த ஊர் கோயமுத்தூர். பீளமேடு, கணபதிப் பக்கம் போனால் லேத்துப் பட்டறையும் ரீவைண்டிங் கடையும் இல்லாத தெருவைத் தேட வேண்டும். மாமாவுக்குக் கை வந்தது பாதி அவர் திறமை, பாதி இந்த ஊரின் உபயம்.

திருப்பூரில் சொந்தக்காரர் வீட்டில் பிரஷர் பம்ப் போட்டிருந்தார்கள். பம்ப் நன்றாகத்தான் இருந்தது, கன்ட்ரோலருக்குள் இருந்த சின்ன போர்டுதான் போனது. போர்டை மட்டும் தர மாட்டோம், கன்ட்ரோலரையே மாற்றுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அதுவும் வந்து சேரும்வரை வாளியில் தண்ணீர் சுமந்தார்கள். அந்த வீட்டுப் பையன் சோம்பேறி இல்லை. கழற்றிப் பார்த்தான், உள்ளே மாற்றுவதற்கு என்று எதுவும் இல்லை.

அதனால்தான் “இந்தக் காலத்துப் பசங்களுக்கு ஒரு ஃபியூஸ் போடத் தெரியாது” என்று யாராவது ஆரம்பித்தால் எனக்கு ஒப்பாது. வீட்டில் ஃபியூஸ் கட்டையே இல்லையே, எதில் போடுவான்? தவிர, ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று தடிமனான கம்பியைச் சுற்றி வைத்ததும் அந்தக் காலத்துக் கைகள்தான். எங்கள் வீட்டில் ஆர்.சி.சி.பி., அதாவது கரண்ட் கசிந்தால் தானே அணையும் சுவிட்ச், அடிக்கடி விழுந்தபோது அதைக் கழற்றி எறியச் சொன்னார் மாமா. மகன் ஃபியூஸுக்குப் பதிலாக இப்போது இருக்கும் எம்.சி.பி. சுவிட்சுகள் எல்லாவற்றையும் இறக்கிவிட்டு ஒவ்வொன்றாக ஏற்றிப் பார்த்தான். கீசரில் வந்து நின்றது: எலிமெண்ட்டில் கசிவு. அந்தச் சுவிட்சை எறிந்திருந்தால் யாராவது குளிக்கும்போது தெரிந்திருக்கும்.

இனி கார். மாமா ஓட்டியது அம்பாசிடர். வண்டி இழுக்கவில்லை என்றால் சிலிண்டர்களுக்குத் தீப்பொறிக் கரண்ட்டைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்து, உள்ளே தொட்டுத் தொட்டு விலகும் பாயிண்ட்டை எமரித் தாளால் தேய்த்து, இடைவெளியை 0.4 மில்லிமீட்டருக்கு வைத்து மூடுவார். இப்போதைய காரில் பாயிண்ட் கிடையாது. எங்கள் கார் ஒருநாள் நடுங்க ஆரம்பித்தது. மகன் ஸ்டியரிங்குக்குக் கீழே, காரின் கோளாறு எண்ணைப் படிக்கும் ஸ்கேனரைச் செருகிப் போனைப் பார்த்தான். “சத்தத்தக் கேக்காம அதுல என்னத்தப் பாக்கற கண்ணு?” என்றார் மாமா. “இருங்க அப்பாரு, அது சொல்லும்” என்றான். பி0301 என்று வந்தது. முதல் சிலிண்டரில் தீப்பொறி சரியில்லாமல் போனாலும் வருகிற எண் அது. அந்தச் சிலிண்டருக்குத் தீப்பொறி தரும் காயிலைக் கழற்றி இரண்டாவது சிலிண்டரில் மாட்டி ஓட்டிப் பார்த்தான். எண் பி0302 ஆனது. அப்படியானால் காயில்தான் கோளாறு. சந்தேகப்பட்ட பாகத்தை இடம் மாற்றிப் பார்ப்பது மாமாவும் ஆயுசு முழுக்கச் செய்த வேலைதான். அவர் அன்று வாயே திறக்கவில்லை.

அதற்காக மகன் எல்லாவற்றையும் தானே செய்வதில்லை. பிரேக், ஸ்டியரிங், ஏசி கேஸ் மூன்றும் சர்வீஸுக்கு விட்டால்தான். அதில் நானும் அவன் கட்சி. பேட்டரி முனையில் பூக்கும் வெள்ளைப் பொடியைக் கழுவி வாசலின் தடவுவது, ஏர் ஃபில்டரைத் தட்டுவது, கூலன்ட் அளவு பார்ப்பது வீட்டிலேயே நடக்கும். கூலன்ட் மூடியை இன்ஜின் ஆறிய பிறகுதான் திறக்க விடுவேன். மின்சாரக் காரை நாங்கள் வைத்து ஓட்டியதில்லை, அதனால் அதன் பராமரிப்பில் யார் வழி செல்லும் என்று என்னால் சொல்ல முடியாது.

மோட்டார் வாங்கும் முன்பு ஷோரூமுக்குப் போகாமல், எங்களுக்கு வழக்கமான ரீவைண்டிங் கடைக்குத்தான் முதலில் போனேன். எந்த மாடலுக்கு வாட்டர் சீலும் இம்பெல்லரும் கைவசம் வைத்திருக்கிறார் என்று கேட்டு, அதையே வாங்கினோம். மேல்மாடி ஷவரில் வேகம் இல்லை என்று மகன் இன்னும் முனகுகிறான். நியாயம்தான். தொட்டியை உயர்த்திக் கட்டலாம் என்று கொத்தனாரிடம் பேசியிருக்கிறேன். ஒரு மீட்டர் உயர்த்தினால் கூடும் தண்ணீர் அழுத்தம் வெறும் 0.1 பார்தான் என்று அவனே கணக்குப் போட்டுக் காட்டிவிட்டான்.