வாட்டும் பொய், ஷீட்டும் பொய்: வீட்டு லேசர் கட்டர் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

வீட்டில் வைத்துக்கொள்ளும் சின்ன லேசர் கட்டர் ஒன்று வாங்கலாம் என்று நினைத்திருந்தால், பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நான் வாங்கி நான்கு மாதம் ஆகிறது. அதில் பாதி நாள், தப்பு என் கைவேலையில்தான் இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் 40 வாட் என்று போட்டிருந்தார்கள். 10 மில்லிமீட்டர் மரம் வெட்டுமாம், எல்லா நிற அக்ரிலிக் பிளாஸ்டிக்கும் வெட்டுமாம். சந்தேகத்தில் போன் போட்டுக் கேட்டேன். "சிஓ2 லேசர்லயும் சின்ன மெஷின் 40 வாட்தான் சார், இதுவும் 40 வாட்தான். அது செய்யற வேலையை இது செய்யும்" என்றார் விற்றவர். சிஓ2 என்பது கார்பன் டை ஆக்சைடு வாயுவை வைத்து ஒளி உண்டாக்கும் வேறு வகை லேசர். நம்பி வாங்கினேன்.

முதல் நாள் 3 மில்லிமீட்டர் பிளைவுட்டில் கோஸ்டர், அதாவது டம்ளருக்கு அடியில் வைக்கும் தட்டு, செய்தேன். மேலே செதுக்கிய பூ வேலை அவ்வளவு நேர்த்தியாக வந்தது, மறைக்காமல் சொல்கிறேன். வெட்டும்போதுதான் சிக்கல். ஒரே ஓட்டத்தில், அதாவது கோட்டின்மேல் லேசர் ஒரு தடவை போனாலே, வெட்டும் என்றார்கள். ஆறு ஓட்டம் ஆனது. ஓரமெல்லாம் கரி, தொட்டால் விரல் கறுத்தது. மூன்றாவது கோஸ்டர் ஆறு ஓட்டத்துக்குப் பிறகும் பிரியவில்லை. கையால் அழுத்திப் பிரித்ததில் அடி அடுக்கு பிய்ந்து வந்துவிட்டது.

கேட்டால், "ஃபோகஸ் சரியில்ல சார், லென்ஸைத் துடைங்க" என்று பதில். துடைத்தேன். ஃபோகஸ் உயரத்தைத் திரும்பத் திரும்ப அளந்து வைத்தேன். பெல்ட்டை இறுக்கினேன். புகையை ஊதித் தள்ள ஒரு காற்று பம்பு மாட்டினேன், அதில் கரி கொஞ்சம் குறைந்தது. ராத்திரி எல்லாரும் தூங்கிய பிறகு இதே வேலையாக மூன்று வாரம் போயிற்று.

அடுத்து மகளின் அறைக் கதவுக்குப் பெயர்ப்பலகை. பெயரைக் கண்ணாடிபோல் தெளிவான, நிறமில்லாத அக்ரிலிக்கில் வெட்டிக் கேட்டாள். தமிழ் எழுத்தை வெட்டித் துளையாக்குவது தனி வேலை. வ, ள போன்ற எழுத்துகளில் மூடிய வட்டம் இருப்பதால், வெட்டினால் உள்துண்டு கழன்று விழுந்துவிடும். அது விழாமல் பிடித்துக்கொள்ள ஒவ்வொரு வட்டத்திலும் சின்னப் பாலம் வைத்து வரைய வேண்டும். இரண்டு மாலை உட்கார்ந்து வரைந்தேன். மேசைமேல் ஒரு பழைய பலகை, அதன்மேல் அக்ரிலிக். மெஷின் ஓடியது, புகையும் வந்தது. முடிந்ததும் ஷீட்டைக் கையில் எடுத்தேன். அதில் ஒரு கீறல்கூட இல்லை. அடியிலிருந்த பலகையில் என் மகளின் பெயர் பாலங்களோடு கரிந்து பதிந்திருந்தது.

அன்றைக்குத்தான் உட்கார்ந்து படித்தேன். இந்த மாதிரி மெஷினில் இருப்பது நீல டயோடு, மின்சாரத்தில் நீல லேசர் ஒளி தரும் சின்னச் சில்லு. அதன் ஒளி 450 நானோமீட்டர் சுமாருக்கு, நம் கண்ணுக்குத் தெரியும் ஒளி. ஜன்னல் கண்ணாடியில் வெளிச்சம் நுழைவதுபோல நிறமில்லாத அக்ரிலிக்கிலும் நுழைந்து போய்விடும். சிஓ2 லேசரின் கதிர் 10,600 நானோமீட்டர், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. அதைத்தான் அக்ரிலிக் உறிஞ்சி உருகும். ஆக, வாட்டைக் கூட்டினாலும் நீல டயோடு இந்த வேலைக்கு ஆகாது. எல்லா நிறமும் வெட்டும் என்ற பேச்சு முழுப் பொய்.

வாட் விஷயமும் அப்படித்தான். கையேட்டின் கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில் இருந்தது: ஒளித்திறன் 5 வாட். 40 என்பது மெஷின் இழுக்கும் மின்சாரம்! ஒரு நீல டயோடிலிருந்து ஒளியாக வெளியே வருவது 5, 6 வாட்தான். 10 வாட் வேண்டுமென்றால் இரண்டு டயோடின் கதிரை ஒன்றாகச் சேர்க்கிறார்கள், 20 வாட்டுக்கு நான்கு. நிஜமாகவே 40 வாட் ஒளி தரும் டயோடு மெஷினும் உண்டு, அதில் எட்டு டயோடு இருக்கும். நான் மூன்று வாரம் துடைத்த லென்ஸுக்குப் பின்னால் இருந்தது ஒன்றே ஒன்று.

இதோடு நின்றிருந்தால் பணம் போனது போகட்டும் என்று விட்டிருப்பேன். இதை எழுதுவது அடுத்து நடந்ததற்காக.

புகார் சொன்னதும், "கருப்பு அக்ரிலிக் போடுங்க சார், லேசருக்குன்னே வர்ற சரக்கு என்கிட்ட இருக்கு" என்று மூன்று ஷீட் விற்றார். அடர்நிற அக்ரிலிக் நீல ஒளியில் வெட்டுப்படும் என்பது உண்மைதான், அதனால் அதையும் நம்பினேன். மெஷினில் வைத்தேன். வெட்டு சுத்தமாக விழவில்லை, கோடு நெடுகப் பிசுபிசுவென்று கறுப்பாகக் குழைந்தது. முதல் ஓட்டத்திலேயே மூக்கைத் துளைக்கும் நெடி. கண் எரிந்தது, தொண்டை கமறியது. அடுத்த அறையில் மகள் இருமினாள். மெஷினை அணைத்து, ஜன்னலையெல்லாம் திறந்துவிட்டு, அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

நாலைந்து நாள் கழித்துப் பார்த்தால் மெஷினின் திருகாணித் தலைகளிலெல்லாம் செந்துரு. லேசர் தலை ஓடும் இரும்புத் தண்டிலும் புள்ளி புள்ளியாகத் துரு. அதுவரை பளபளவென்று இருந்தவை. அப்போதுதான் அந்த ஷீட் அக்ரிலிக்கே இல்லை, குழாய் செய்யும் பிவிசி பிளாஸ்டிக்காக இருக்குமோ என்று உறைத்தது. பிவிசி சூடானால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். ஈரத்தோடு சேர்ந்தால் அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். இரும்பை அரித்த அதே வாயுவைத்தான் நானும் என் மகளும் சுவாசித்திருக்கிறோம்.

உறுதி செய்துகொள்ளச் செம்புக் கம்பிச் சோதனை செய்தேன். கம்பியைத் தீயில் சிவக்கக் காட்டி, பச்சை எதுவும் வரவில்லை என்று பார்த்துக்கொண்டேன். சூடான கம்பியை ஷீட்டின் ஓரத்தில் தொட்டேன், கடுகளவு ஒட்டியது. மறுபடி தீயில் காட்டியதும் சுடர் பளிச்சென்று பச்சையாக எரிந்தது. பச்சை வந்தால் பெரும்பாலும் உள்ளே குளோரின் இருக்கிறது. அக்ரிலிக்கில் குளோரின் கிடையாது. இந்தச் சோதனையை வீட்டுக்கு வெளியே, காற்றோட்டத்தில், முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

வீடியோ எடுத்து அனுப்பினேன். "ரெண்டும் பிளாஸ்டிக்தானே சார்" என்று பதில் வந்தது. மெஷினையாவது திரும்ப எடுங்கள் என்றதற்கு, பெட்டி பிரித்தாகிவிட்டது, முடியாது என்றார். அப்புறம் என் எண்ணைத் தடை செய்துவிட்டார். வாட்டில் ஏமாற்றுவது பணத்தோடு போகும். வீட்டுக்குள் வைத்து எரிக்கப்போகிற பொருளுக்குப் பொய்ப் பெயர் சொல்லி விற்பதை என்னால் மன்னிக்கவே முடியவில்லை.

வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், 'ஒளித்திறன் எத்தனை வாட்?' என்று இதே வார்த்தையில் கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள். வெறுமனே பவர் என்று கேட்டால் மின்சாரக் கணக்கைச் சொல்லித் தப்பித்துவிடுவார்கள். ஷீட்டுக்கு என்ன பிளாஸ்டிக் என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். மறுத்தால் அங்கே வாங்க வேண்டாம். வினைல், செயற்கைத் தோல் என்று வருவதிலும் பிவிசி நிறைய உண்டு.

இன்னொன்று, கண்ணில் மாட்டும் கண்ணாடி. பெட்டியோடு வந்த பச்சைக் கண்ணாடியில் எந்த எண்ணும் இல்லை. பாதுகாப்புக் கண்ணாடி என்றால் எத்தனை நானோமீட்டருக்கு, எவ்வளவு ஓடி (OD, ஒளியைத் தடுக்கும் அளவு) என்று அதிலேயே அச்சிட்டிருக்க வேண்டும். 450க்கு ஓடி 6 என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு ஒளிதான் உள்ளே வரும். இந்த மெஷின்கள் நான்காம் வகுப்பு லேசர், பட்டுத் தெறிக்கும் ஒளிகூடக் கண்ணைக் கெடுக்கும். அந்தக் கண்ணாடியைத் தூக்கிப் போட்டுவிட்டு எண் போட்ட கண்ணாடி வாங்கினேன்.

பெயர்ப்பலகையைக் கடைசியில் பிளைவுட்டில் வெட்டி மாட்டிவிட்டேன், எட்டு ஓட்டத்தில். மீதி இரண்டு கறுப்பு ஷீட் பரண்மேல் கிடக்கிறது, 'பிவிசி, லேசரில் வைக்காதே' என்று பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறேன். லேசருக்கென்றே வருவது என்று யாராவது உங்களுக்கும் கறுப்பு ஷீட் விற்றிருந்தால், மெஷினில் வைப்பதற்கு முன் அந்தச் செம்புக் கம்பியை ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிடுங்கள். வீட்டில் குழந்தை இருந்தால் இன்றைக்கே.