மஸ்தாரா, முஷைரிபா?

பாலைவனத்தில் பசுமை நகரம் என்றதும் பலருக்கும் நினைவு வருவது அபுதாபியின் மஸ்தார் சிட்டி. 2006இல் அறிவித்தார்கள், 2016க்குள் முடிப்பதாகத் திட்டம். அது பிறகு 2030 வரை தள்ளிப்போனது. மக்கள் நடக்கும் தளத்துக்கு அடியில் ஓட்டுநரில்லாச் சிறு வண்டிகள் நகரமெங்கும் ஓடும் என்ற யோசனையும் ஒரு சின்னத் தடத்தோடு நின்றுவிட்டது. ஆனாலும் அங்குள்ள ஒடுங்கிய தெருக்களை மெச்சத்தான் வேண்டும். கட்டடங்கள் ஒன்றுக்கொன்று நிழல் தர, 45 மீட்டர் காற்றுக் கோபுரம் மேலே வீசும் காற்றைப் பிடித்து முற்றத்தில் இறக்குகிறது. பழைய அரபு ஊர்களின் அறிவு இது.

தோஹாவின் முஷைரிப் வேறு வழி. புதுநிலம் தேடாமல், நகரின் நடுவிலேயே 31 ஹெக்டேரை எடுத்துப் புதுப்பித்தார்கள். வாகன நிறுத்தம் நிலத்தடியில், மேலே டிராம், பக்கத்திலேயே மூன்று மெட்ரோ தடங்கள் சந்திக்கும் நிலையம். சூக் வாகிஃப் சந்தைக்கு நடந்தே போகலாம். நான்கு பழைய வீடுகளை அருங்காட்சியகங்களாக்கினார்கள். அதில் ஒன்று அடிமை வணிகத்தின் வரலாற்றைச் சொல்கிறது.

சரி, எது மேல்? என் ஓட்டு முஷைரிபுக்கு. கார் இல்லாமலேயே வந்து போக முடிகிற இடம் அதுதான். ஆனால் அங்கே குறைந்த வாடகையில் குடியிருந்த தெற்காசியத் தொழிலாளர்களுக்குப் புது முஷைரிபில் இடமில்லை. அந்தக் குறையை எந்தப் பசுமைச் சான்றிதழும் மறைக்காது.