பிளாஸ்மா டெஸ்க்டாப்புக்குப் பணம் கேட்கும் தளங்கள்: எச்சரிக்கை

லினக்ஸ் கணினியின் திரை, மெனு, சாளரங்களைத் தரும் இலவச டெஸ்க்டாப்பான கேடிஇ பிளாஸ்மாவைத் தரவிறக்கித் தருவதாகச் சொல்லிப் பணம் வாங்கிய ஒரு தளம் என் கணினியில் என்ன வேலை பார்த்தது என்பதை எழுதுகிறேன். க்னோம், எக்ஸ்எஃப்சிஇ, மாட்டே என்று எந்த டெஸ்க்டாப்பை நிறுவ நினைப்பவருக்கும் இது பொருந்தும்.

என் கணினியில் இருப்பது டெபியன் என்ற லினக்ஸ் வகை. அதில் க்னோம் ஓடிக்கொண்டிருந்தது. பிளாஸ்மாவுக்கு மாறலாம் என்று இணையத்தில் தேடியபோது விளம்பரமாக முதலில் வந்து நின்றது அந்தத் தளம். கேடிஇயின் பல்சக்கரச் சின்னம், அதே நீலம், அழகான ஸ்கிரீன்ஷாட்டுகள். பொத்தானை அழுத்தியதும் மின்னஞ்சல் முகவரி கேட்டது. அப்புறம் 'முழுப் பதிப்பு, வேகமான சர்வர், உதவி எண்' என்று சொல்லி கார்டு விவரம் கேட்டது. ஒரே முறை கட்டினால் போதும் என்றுதான் போட்டிருந்தது. கட்டியதும் கட்டளைகளை வரிசையாக எழுதிய ஒரு ஸ்கிரிப்ட் கோப்பு வந்தது. டெர்மினலில் சூடோவுடன், அதாவது நிர்வாகி அதிகாரத்தோடு, ஓட்டச் சொன்னார்கள். பிளாஸ்மாவும் ஒழுங்காக வந்து சேர்ந்தது.

அடுத்த மாதமும் கார்டிலிருந்து பணம் போனது. அதே சமயத்தில், வழக்கமான அப்டேட் ஒன்றுக்குப் பிறகு பிரவுசரின் தேடுபொறி மாறியிருந்தது. நான் திருப்பி மாற்றி வைத்தாலும் மறுபடி அந்தப் புதியதே வந்து நின்றது. அப்போதுதான் அந்த ஸ்கிரிப்டை எடிட்டரில் திறந்து வரிவரியாகப் படித்தேன்.

அதில் இருந்தவை இரண்டே வேலைகள். ஒன்று, டெபியனின் சொந்தக் களஞ்சியத்திலிருந்து (மென்பொருள்களை வைத்திருக்கும் சர்வர்) கேடிஇ-பிளாஸ்மா-டெஸ்க்டாப் என்ற பேக்கேஜை (மென்பொருள் பொதியை) நிறுவுவது. யார் வேண்டுமானாலும் டெபியனின் நிறுவல் கருவியான ஆப்டைக் கொண்டு, ஆப்ட் இன்ஸ்டால் என்று ஒரு வரி அடித்து இலவசமாகச் செய்துகொள்ளக்கூடிய வேலை அது. அவர்களுடைய 'வேகமான சர்வர்' இதில் எங்குமே வரவில்லை. இன்னொன்று, அவர்களுடைய களஞ்சியத்தையும், அதை ஆப்ட் நம்புவதற்கான கையொப்பச் சாவியையும் என் கணினியில் சேர்ப்பது.

பணம் போனதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது இந்த இரண்டாவது வேலைதான். ஒரு களஞ்சியத்தைச் சேர்த்துவிட்டால், ஒவ்வொரு அப்டேட்டின்போதும் ஆப்ட் அங்கேயும் போய்ப் பார்க்கும். ஒரே பெயரில் இரண்டு இடத்தில் பேக்கேஜ் இருந்தால், முன்னுரிமை சமமாக இருக்கும்போது பதிப்பு எண் பெரிதாக இருப்பதையே எடுத்துக்கொள்ளும். என் பிரவுசர் அப்படித்தான் மாறியிருந்தது: டெபியனுடையதைவிடப் பெரிய எண்ணைப் போட்டு, தாங்கள் திருத்தியதை உள்ளே இறக்கிவிட்டார்கள். ஆப்ட் பாலிசி என்று அடித்து, பக்கத்தில் பேக்கேஜ் பெயரைக் கொடுத்தால் அது எந்தக் களஞ்சியத்திலிருந்து வந்தது என்று காட்டும். அதில்தான் உறுதியானது. பேக்கேஜுக்குள் இருக்கும் நிறுவல் ஸ்கிரிப்டுகள் ரூட் அதிகாரத்தில், அதாவது முழு நிர்வாகி அதிகாரத்தில், ஓடுபவை. ஆகவே பிரவுசரோடு நிறுத்திக்கொள்ள வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். டிஜிட்டல் பொருளுக்குப் பணம் திரும்பத் தருவதில்லை என்று பதில் வந்தது. கட்டற்ற மென்பொருள்களுக்கான ஜிபிஎல் உரிமம் விற்பதை அனுமதிக்கிறது என்றும் எழுதியிருந்தார்கள். அது உண்மைதான், ஜிபிஎல் மென்பொருளை யாரும் விலைக்கு விற்கலாம். ஆனால் மாதாமாதம் பிடிப்பதை மறைக்கவும், சொல்லாமல் களஞ்சியம் சேர்க்கவும், கேடிஇயின் சின்னத்தைப் போட்டு அவர்களாகவே நடிக்கவும் எந்த உரிமமும் இடம் தரவில்லை. 1996-இல் மத்தியாஸ் எட்ரிச் தொடங்கியதிலிருந்து எத்தனையோ பேர் கூலி வாங்காமல் எழுதிக் கொடுத்த மென்பொருள் இது. அந்த உழைப்பைக் காட்டிப் பணம் பிடுங்குகிறார்கள், எழுதியவர்களுக்கு அதில் ஒரு காசும் போவதில்லை. புதிதாக வருபவரோ லினக்ஸே இப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்துத் திரும்பிப் போய்விடுவார். எனக்கு ஆறாத கோபம் அதில்தான்.

சரி, எங்கிருந்து எடுப்பது? லினக்ஸ் ஏற்கெனவே இருந்தால் எந்தத் தளத்துக்கும் போக வேண்டாம். உங்கள் டிஸ்ட்ரோவின் (டெபியன் போன்ற லினக்ஸ் வகையின்) மென்பொருள் மையத்திலோ ஆப்ட், டிஎன்எஃப், பேக்மேன் போன்ற கட்டளையிலோ கிடைக்கும். டெபியனில் குறைந்தபட்சத்துக்கு நான் மேலே சொன்ன பேக்கேஜ் போதும், எல்லாச் செயலிகளும் வேண்டுமென்றால் கேடிஇ-ஃபுல். எக்ஸ்எஃப்சிஇக்கு எக்ஸ்எஃப்சிஇ4. கேடிஇ, க்னோம் தளங்களில் மூல நிரலும் கிடைக்கும், ஆனால் அது கம்பைல் செய்யத் தெரிந்தவர்களுக்கு. நன்கொடை தர விரும்பினால் அந்தத் தளங்களிலேயே தரலாம், தராவிட்டாலும் மென்பொருளை யாரும் நிறுத்திவைப்பதில்லை.

புதிதாக லினக்ஸே நிறுவுபவர்கள் தங்களுக்கு வேண்டிய டெஸ்க்டாப்போடு வரும் ஐஎஸ்ஓ கோப்பை (நிறுவல் வட்டின் முழு நகலை) டிஸ்ட்ரோவின் தளத்திலிருந்து எடுப்பார்கள். அங்கேயும் சரிபார்ப்பதை விடாதீர்கள். 2016 பிப்ரவரியில் லினக்ஸ் மின்ட் தளத்துக்குள் புகுந்தவர்கள், சினமன் டெஸ்க்டாப் பதிப்பின் இணைப்பை, ரகசியமாக உள்ளே நுழையப் பின்கதவு வைத்த ஐஎஸ்ஓவுக்குத் திருப்பிவிட்டார்கள். 2025 அக்டோபரில், எக்ஸ்எஃப்சிஇயோடு வரும் டிஸ்ட்ரோவான சுபுன்டுவின் தளத்தில் இருந்த டாரன்ட் இணைப்பு, விண்டோஸில் ஓடும் தீம்பொருள் அடங்கிய ஜிப் கோப்பைக் கொடுத்தது. பக்கத்தையே மாற்ற முடிந்தவரால் கோப்பைச் சரிபார்க்க அதில் எழுதியிருக்கும் எஸ்எச்ஏ256 எண்ணையும் மாற்ற முடியும். அதனால் எண் பொருந்துவதோடு நிற்காமல், அந்த எண் டிஸ்ட்ரோவிடமிருந்தே வந்தது என்று காட்டும் ஜிபிஜி கையொப்பத்தையும் சரிபாருங்கள். ஐஎஸ்ஓ வர வேண்டிய இடத்தில் விண்டோஸ் நிரலான எக்ஸ்இ வந்தால் திறக்கவே வேண்டாம்.

இதே மாதிரி ஸ்கிரிப்டை ஏற்கெனவே ஓட்டியிருந்தால், எட்சிக்குள் இருக்கும் ஆப்ட் கோப்புறையைத் (/etc/apt) திறந்து, களஞ்சியங்களைக் குறித்துவைத்திருக்கும் சோர்சஸ் பட்டியல்களைப் பாருங்கள். தெரியாத களஞ்சியமும் சாவியும் இருந்தால் நீக்குங்கள். ஆனால் நீக்கியதால் மட்டும் மாற்றப்பட்ட பேக்கேஜ்கள் பழைய நிலைக்கு வந்துவிடாது. நான் கோப்புகளை மட்டும் எடுத்துவைத்துக்கொண்டு கணினியைப் புதிதாக நிறுவினேன், கடவுச்சொற்களை வேறொரு கணினியிலிருந்து மாற்றினேன். வங்கியிடம் சொல்லி அந்த கார்டையும் முடக்கியாயிற்று. கட்டிய பணம் இன்னும் திரும்பி வரவில்லை.