பித்தநாளக் கல்லுக்கு இ.ஆர்.சி.பி.: மதுரை மருத்துவமனை ஒன்றின் சேவை பற்றி

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் கண் மஞ்சளித்தால் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுப்பதுதான் இன்றும் பல வீடுகளில் முதல் வைத்தியம். ஈரலிலிருந்து பித்தநீரைக் குடலுக்குக் கொண்டுசெல்லும் பித்தநாளத்தைக் கல் அடைத்துக்கொண்டு வரும் காமாலைக்கு அது உதவாது. அடைப்பை எடுத்தாக வேண்டும். எங்கள் அப்பச்சிக்குக் காமாலையோடு குளிர்காய்ச்சலும் சேர்ந்து, ஸ்கேனில் பித்தநாளம் விரிந்திருப்பது தெரிந்ததும், மதுரையிலுள்ள தனியார் மருத்துவமனை ஒன்றில், வாய் வழியாகக் குழாய் செலுத்திக் கல்லை எடுக்கும் இ.ஆர்.சி.பி. சிகிச்சைக்குச் சேர்த்தோம். மருத்துவமனையின் பெயரைத் தவிர்த்து, அங்கு நிறைவாக இருந்ததையும் குறைபட்டதையும் நம் பக்கத்துக் குடும்பங்களுக்குப் பயன்படும் என்று எழுதுகிறேன்.

அங்கு எனக்கு மிகவும் பிடித்தது, அவசரப்பட்டு எண்டோஸ்கோப் என்னும் கேமராக் குழாயைக் கையில் எடுக்காததுதான். முதலில் பித்தநாளத்தைக் காந்தப்புலத்தால் படம்பிடிக்கும் எம்.ஆர்.சி.பி. ஸ்கேன் எடுத்துக் கல் இருப்பதை உறுதி செய்தார்கள். 1968இல் தொடங்கியபோது இ.ஆர்.சி.பி. நோயைக் கண்டறியும் முறையாகவே இருந்தது. 1974இல் பித்தநாளத்தின் வாய்த்தசையை வெட்டிக் கல்லை எடுக்கும் முறை வந்தபின் சிகிச்சையாக வளர்ந்தது. ஆபத்தில்லாமல் பார்க்க ஸ்கேன் இருக்கும் இக்காலத்தில், பார்ப்பதற்காக மட்டும் இதைச் செய்வது முறையன்று. ஸ்கேன் எடுக்காமலே தேதி கொடுக்கும் இடத்தில், ஏன் என்று கேட்கத் தயங்காதீர்கள்.

ஒப்புதல் படிவத்தை நீட்டுவதற்கு முன் இளம் மருத்துவர் ஒருவர் ஸ்கேன் உறையின் பின்புறத்திலேயே படம் வரைந்து விளக்கினார். பித்தநாளமும் கணையநாளமும் சிறுகுடலின் தொடக்கப் பகுதியில் பெரும்பாலும் ஒரே வாயில் வந்து திறக்கின்றன. பக்கவாட்டில் பார்க்கும் கேமரா கொண்ட குழாயை வாய் வழியாக அந்த இடம் வரை செலுத்தி, மெல்லிய கம்பியைப் பித்தநாளத்துக்குள் நுழைத்து, சாயம் செலுத்தி எக்ஸ்ரேயில் பார்த்து, பலூனால் கல்லை இழுத்துவிடுகிறார்கள். கம்பி கணையத்தின் பக்கம் தீண்டிவிட்டால் கணைய அழற்சி வரலாம். “ஐயா, நூறு பேருக்குச் செய்தால் மூன்று முதல் பத்துப் பேருக்கு இது வரும், பெரும்பாலும் சில நாட்களில் அடங்கிவிடும், அரிதாகக் கடுமையாகவும் ஆகலாம்” என்று அப்பச்சியிடமே நேராகச் சொன்னார். வெட்டிய இடத்தில் இரத்தக்கசிவு நூற்றுக்கு ஓரிருவருக்கும், குடலில் துளை விழுவது அதைவிடக் குறைவாகவும் நேரும், நோய்த்தொற்றும் ஏற்படலாம். அழற்சியைக் குறைக்க ஆசனவாய் வழியாக இண்டோமெதசின் மருந்து வைத்தார்கள். இரத்த உறைவு அளவைச் சோதித்ததோடு, இதயத்துக்காக அவர் உட்கொள்ளும் மாத்திரைகளையும் விசாரித்தார்கள்.

வயிற்றைக் கிழித்துப் பித்தநாளத்தைத் திறந்து, குழாய் வைத்து, வாரக்கணக்கில் படுக்க வைத்த காலத்தை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அறிவார்கள். அப்பச்சியின் உடலில் தையல் ஒன்றும் இல்லை. மறுநாள் கஞ்சி குடித்தார். காமாலையால் வந்த, உறங்கவிடாத அரிப்பு படிப்படியாக அடங்கியது. முதுமையில் இது சிறிய நன்மை அன்று.

குறைகள் இரண்டு. முந்தைய இரவிலிருந்து பட்டினி கிடந்தவரைப் பிற்பகல் வரை காக்க வைத்தார்கள். சர்க்கரை நோயாளிகளுக்காவது காலை முதல் நேரத்தை ஒதுக்க வேண்டும். அதைவிடப் பெரியது ஸ்டென்ட் விஷயம். சிறு கற்கள் எஞ்சியிருக்கலாம் என்று, பித்தம் தடையின்றி வடிய நாளத்துக்குள் பிளாஸ்டிக் ஸ்டென்ட் என்னும் சிறு குழாயை வைத்திருந்தார்கள். அதைப் பொதுவாக மூன்று மாதங்களுக்குள் எடுக்கவோ மாற்றவோ வேண்டும். மறந்துவிட்டால் அடைத்துக்கொண்டு மீண்டும் காமாலையும் கடும் தொற்றும் வரலாம். இவ்வளவு முக்கியமான செய்தி டிஸ்சார்ஜ் சம்மரியின் கடைசிப் பக்கத்தில் ஆங்கிலத்தில் ஒற்றை வரியாக இருந்ததேயன்றி, எவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆச்சி வரிவரியாகப் படித்துக் கேட்ட பிறகே தேதி குறித்துக் கொடுத்தார்கள். பிள்ளைகள் வெளியூரில் இருக்க, முதியவர்கள் தனியே வசிக்கும் வீடுகள் நிறைந்த செட்டிநாட்டில், தமிழில் எழுதிய ஒரு சீட்டும் நினைவூட்டும் தொலைபேசி அழைப்பும் கட்டாயம் வேண்டும்.

நாளத்துக் கல்லை எடுத்தாலும் பித்தப்பையில் கல் இருந்தால் மறுபடி இறங்கலாம் என்பதால், பித்தப்பையை அகற்றும் அறுவைக்கும் அங்கேயே நாள் வாங்கியிருக்கிறோம். மதுரைக்கு இரண்டு மணி நேரப் பயணம் என்பதால், முதுகுவரை பரவும் வயிற்றுவலி, நடுக்கத்தோடு காய்ச்சல், கறுப்பு மலம் ஆகியவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திராமல் உடனே புறப்படச் சொல்லியிருக்கிறார்கள். இரவு நேரத் தொலைபேசி எண்ணையும் கேட்டு வாங்கி வையுங்கள்.